தந்திகள் எத்தனை?



காஞ்சியை அடுத்த எங்கள் புள்ளலூர் வரலாற்றுப் பாடத்தில் போர்க்களமாகவே வருகிறது. முதலாம் மகேந்திரவர்மன் இங்கே பகைவரை வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறும். அவ்வேந்தன் இசையிலும் வல்லவன். குடுமியான்மலை இசைக் கல்வெட்டு அவனுடையதே என்பர் பலர், மறுப்போரும் உளர். உருத்திராசாரியரின் மாணாக்கனான ஓர் அரசன், மாணாக்கர் நலன் கருதிச் செய்தது என்று மட்டுமே கல்வெட்டு கூறுகிறது. பெயரையும் பொறித்திருந்தால் எத்தனை வாதங்கள் மிச்சமாகியிருக்கும்!

அதன் இறுதியில் ஒரு சிறு தமிழ்க் குறிப்பு உண்டு. மேற்கூறிய சுரக்கோவைகள் எட்டிற்கும் ஏழிற்கும் பொருந்தும் என்பது அதன் கருத்து. எட்டுத் தந்தி வீணையும் ஏழு தந்தி வீணையுமே அவை என அறிஞர் சிலர் பொருள் கொள்வர். இன்று கல்லூரி மெல்லிசைக் குழுவுக்காக பேஸ் கிடார் வாங்கச் செல்லும் மாணவனும் அந்த வினாவோடுதான் கடையில் நிற்கிறான்: நான்கா, ஐந்தா, ஆறா? தந்தையின் பணமாயிற்றே, சற்று ஆராய்வோம்.

யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். ஆதலால் பேரியாழுக்கு 21 நரம்புகள் வேண்டியிருந்தன. வீணையிலோ, மெட்டின்மீது விரல் அழுத்த, ஒரே தந்தியில் பல சுரங்கள் பிறக்கின்றன. வாசிக்க நான்கும், சுருதிக்கும் தாளத்திற்குமாக மூன்றும் போதும். பேஸ் கிடார் வீணையின் இனம். 1951-இல் அமெரிக்காவில் லியோ பெண்டர் விற்பனைக்குக் கொணர்ந்த கருவிக்கு நான்கே தந்திகள்.

மைசூர் சௌடையா தம் வயலினில் ஏழு தந்திகள் பூட்டினார். ஒலிபெருக்கி பரவாத நாளில், பெரிய சபையின் கடைசி வரிசைக்கும் நாதம் எட்ட வேண்டுமென்பதே நோக்கம். தேவை முன்னே நின்றது. தந்தி பின்னே வந்தது.

பேஸ் கிடாருக்கும் அவ்வாறே கணக்கிடுக. நான்கு தந்திக் கருவியின் மிகத் தடித்த தந்தி வழக்கமாக 3 கட்டையில் நிற்கும். 1 கட்டை, 2 கட்டைச் சுருதியில் பாடுவோருக்கு, அதற்கும் கீழே ஒலிக்க வேண்டிய சட்சம் அதில் கிட்டாது. ஐந்தாம் தந்தி 7 கட்டை வரை கீழே இறங்குவதால் அச்சட்சத்தைத் தரும். ஆனால் கழுத்து அகலும். விரல் விரிய வேண்டும். வாசிக்காத தந்திகள் தாமே அதிராதபடி கையால் அடக்கவும் பழக வேண்டும். ஆறாம் தந்தி பெரும்பாலும் மேற்சுரங்களுக்கே உதவும். துணை வாசிப்புக்கு அது அரிதாகவே தேவைப்படும். தொடங்குவோர் நான்கையே எடுங்கள் என்பேன். குழுவின் பாடகர் எந்தக் கட்டையில் பாடுகிறார் என்பதை முதலில் கேட்டறிந்து, பின்னர்க் கடைக்குச் செல்லுங்கள்.