குனிய வேண்டியது பெரியவர்கள்தான்

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் பிள்ளைகளுக்குச் சோழர் கோயில் காட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தஞ்சாவூரில்தான் போய் இறங்குகிறார்கள். பெரிய கோயில் விமானம் 200 அடிக்கும் மேல். பிள்ளைகள் ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்ப்பார்கள், அப்புறம் ஐஸ் வண்டியைத் தேடுவார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல மாட்டேன். என் கட்சி, முதலில் தாராசுரம், தஞ்சாவூர் அப்புறம்.

கும்பகோணத்திலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரம்தான். பட்டுத்தறி ஓடும் ஊர். இங்குள்ள ஐராவதேசுவரர் கோயிலைக் கட்டியவன் 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் ராஜராஜன். துர்வாசர் சாபத்தால் நிறம் மங்கிய இந்திரனின் வெள்ளை யானை, இங்கே வழிபட்டுத்தான் பழைய நிறம் பெற்றதென்பது தலபுராணம். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2004-இல் சேர்ந்தது. காலையிலேயே போய்விடுங்கள்; வெயில் ஏறினால் கல்தரையில் வெறுங்கால் வைக்க முடியாது.

வாசலில் பலிபீடத்தை ஒட்டிச் சின்னப் படிகள். தட்டினால் ஸ்வரம் பேசும் என்பார்கள். இப்போது கம்பிக்கூண்டு போட்டுவிட்டார்கள். என் சின்னவள் கம்பிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், எட்டவில்லை. உள்ளே போனால் முன்மண்டபமே ஒரு தேர். கல்லில் சக்கரம், அதை இழுத்துப் பாயும் கல்குதிரை. இன்னோரிடத்தில் யானைக்கும் காளைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. இதன் முன்னால் பிள்ளைகள் வரிசை கட்டி நின்று கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

நான் உங்களை இங்கே அழைப்பது இதற்கெல்லாம் அல்ல. கருவறையைச் சுற்றி வாருங்கள். அடித்தளத்தை ஒட்டி நாயன்மார் கதைகளை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் கைக்கு அடக்கமான சிற்பம். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இந்த ராஜராஜனின் அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அந்தக் கதைகள் அடுத்த தலைமுறையிலேயே கல்லில் ஏறிவிட்டன. பார்க்க நாம்தான் முதுகு வளைய வேண்டும். பிள்ளைகள் நின்றால் போதும்.

அதில் ஒன்று, முதலை வாயிலிருந்து பையன் வெளியே வரும் காட்சி. அவிநாசியில் முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை. விழுங்கும்போது சின்னப் பிள்ளை, பல வருஷம் கழித்துத் திரும்பும்போது அந்த வயசுக்கு வளர்ந்திருந்தான் என்று சொன்னேன். “அப்போ முதலை வயித்துக்குள்ள அவனுக்கு யாருப்பா சோறு போட்டா?” என்றாள் சின்னவள். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர், “சிவபெருமான்தான் கண்ணு” என்று எனக்குக் கைகொடுத்தார்.

சிற்பங்களோடு தமிழ்க் கல்வெட்டு வாசகமும் உண்டு. புள்ளி வைக்காத எழுத்து. ஆனால் ட, ப, ம போன்றவை இன்றைக்கு எழுதுவதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. யாருக்கு முதலில் அகப்படுகிறதென்று போட்டி வையுங்கள். மூத்தவன் ஐந்தாம் வகுப்பு. என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தான்.

ஒரு குறை. கோயில் தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் அடைமழையில் பிராகாரத்தில் தண்ணீர் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் விசாரித்துக்கொண்டு போங்கள்.

பகல் வெயிலில் பக்கத்துச் சுவாமிமலைக்குப் போகலாம். முருகனைக் கும்பிட்டுவிட்டு, சிலை வார்க்கும் பட்டறை ஒன்றில் கேட்டுக்கொண்டு நுழையுங்கள். மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணை மேலே பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை வடித்துவிடுவார்கள். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். உலை பக்கம் மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். மெழுகு பிடிக்கிறவர் பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.