ஜான் சாட்லியர்: நாவலுள் புகுந்த வங்கியாளர்



சார்லஸ் டிக்கன்ஸின் ‘லிட்டில் டோரிட்’ நாவலில் மெர்டில் என்றொரு செல்வர் வருகிறார். அமைச்சரும் ஆயரும் அவர் விருந்துக்குக் காத்திருக்கின்றனர். ஒருநாள் அவர் மருமகளிடம் பேனாக்கத்தி ஒன்றை இரவல் கேட்கிறார். மைக்கறை படியாமல் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். அன்றிரவே அதனால் தம் உயிரை முடித்துக்கொள்கிறார். அதன்பின்புதான் அவர் செல்வமெல்லாம் பொய் என்பது ஊருக்குத் தெரிகிறது. இப்பாத்திரத்துக்கு உயிருள்ள மூலம் ஒன்று உண்டு. அவரே அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் 1813இல் பிறந்த ஜான் சாட்லியர்.

சாட்லியர் டப்ளினில் வழக்குரைஞராகத் தொழில் தொடங்கியவர். 1838இல் தம் சகோதரர் ஜேம்ஸுடன் சேர்ந்து டிப்பரரி வங்கியை நிறுவினார். நீனா, தர்ல்ஸ், குளோன்மெல், கார்லோ என்று சிற்றூர்கள்தோறும் அதன் கிளைகள் பரவின. பணம் போட்டவர்களில் பலர் சிறு உழவர்களும் கடைக்காரர்களும் ஆவர். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தைத் தாண்டி உயிர்பிழைத்த மக்கள், வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அது.

அக்காலத்தில் இருப்புப்பாதை ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் வேண்டும். 1846 என்ற ஒரே ஆண்டில் இருநூறுக்கும் மேற்பட்ட இரயில் சட்டங்கள் நிறைவேறின. அச்சமயத்தில் சாட்லியர் இலண்டனுக்குக் குடிபெயர்ந்து, அயர்லாந்து இரயில் கம்பெனிகளுக்காக நாடாளுமன்றக் காரியங்களைக் கவனிக்கும் முகவரானார். பங்குச்சந்தை, சட்டமன்றம், வங்கி ஆகிய மூன்று வாசல்களின் சாவியும் ஒருவர் கையில் சேர்ந்தது. 1847இல் கார்லோ தொகுதியின் உறுப்பினரானார். இலண்டன் கவுண்டி வங்கியின் தலைவருமானார்.

அரசியலில் அவர் ஏறிய படி கத்தோலிக்கர் உரிமையும் குத்தகை உழவர் உரிமையும் ஆகும். அவருடைய குழுவினரைப் பகைவர்கள் ‘போப்பாண்டவரின் பித்தளை வாத்தியக் கோஷ்டி’ என்று எள்ளினர். 1852இல் அயர்லாந்து உறுப்பினர் நாற்பதின்மர் அளவில், உழவர் உரிமையை ஏற்காத எந்த அரசிலும் பதவி பெறுவதில்லை என உறுதி பூண்டனர். அவ்வாண்டு இறுதியிலேயே அபர்டீன் பிரபுவின் ஆட்சியில் சாட்லியர் கருவூலப் பதவி ஒன்றை ஏற்றார். நண்பர் வில்லியம் கியோ சட்ட அதிகாரியானார். மறுதேர்தலில் கார்லோ அவரைத் தோற்கடித்தது, ஸ்லைகோ காப்பாற்றியது. தமக்கு வாக்களிக்க மறுத்த ஒருவரைக் கடன் பேரில் சிறையிலிடச் சூழ்ச்சி செய்தார் என்பது வழக்கில் வெளிப்படவே, 1854இல் பதவியும் போயிற்று.

இந்த நம்பிக்கைத் துரோகத்தால் நெஞ்சுடைந்தவர்களுள் கவிஞரும் ‘தி நேஷன்’ இதழாசிரியருமான சார்லஸ் கேவன் டஃபியும் ஒருவர். விடுதலைப் பாடல்களைத் தொகுத்து மக்கள் நாவில் ஏற்றியவர் அவர். 1855இல் தாயகத்தை விட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். அங்கே 1871இல் விக்டோரியாவின் முதலமைச்சரானது வேறு கதை.

சாட்லியரின் கணக்கு உள்ளுக்குள் எப்போதோ கவிழ்ந்திருந்தது. தம் சொந்த வங்கியிலிருந்தே இரண்டு இலட்சம் பவுனுக்கு மேல் எடுத்திருந்தார். அதை ஈடுகட்ட, தாம் தலைமை வகித்த ராயல் சுவீடிஷ் இரயில்வேயின் பேரில் பொய்ப் பங்குகளை அச்சிட்டுப் புழங்கவிட்டார். 1856 பிப்ரவரியில் டிப்பரரி வங்கியின் உண்டியல்களை இலண்டன் முகவர்கள் ஏற்க மறுத்தனர். பிப்ரவரி 17, ஞாயிறு காலையில் ஹாம்ப்ஸ்டெட் திடலில் நஞ்சருந்திய நிலையில் அவர் உடல் கிடந்தது. தம்மால் பாழானோரை எண்ணிப் புலம்பிய கடிதங்களை முந்தைய இரவில் எழுதி வைத்திருந்தார். வங்கி மூடியது. பங்குதாரர் பொறுப்புக்கு வரம்பில்லாத காலமாதலால், பங்கு வாங்கியவரின் வீடு நிலமும் ஆபத்துக்குள்ளாயின.

டிக்கன்ஸின் தொடர் அப்போது வெளிவரத் தொடங்கி மூன்று மாதங்கூட ஆகவில்லை. நூலுருவில் வந்தபோது முன்னுரையில், இரயில் பங்குக் காலத்தையும் அயர்லாந்து வங்கி ஒன்றையும் அவர் பெயர் சொல்லாமல் சுட்டினார். கடனுக்காகத் தந்தை மார்ஷல்சீ சிறையில் கிடந்ததைச் சிறுவயதில் கண்டவர் அவர். அதனால் மெர்டிலை நம்பிக் கெட்ட கிளென்னமை அதே சிறைக்குள் கொண்டுபோய் வைத்தார். அந்தக் கட்டங்களில் அவர் எழுத்து கூர்மையானது. ஆயினும் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். மெர்டிலுக்கு ஊரில்லை, மதமில்லை, அவர் முறித்த வாக்குறுதியும் இல்லை. நாவலில் ஏமாறுவோர் இலண்டன்காரர்களே. தர்ல்ஸில் அடைத்த கதவின் முன் நின்ற உழவனுக்கு அதில் ஒரு வரியும் கிடைக்கவில்லை. மோசக்காரனுக்கு இலக்கியத்தில் எளிதாக இடம் கிடைத்துவிடுகிறது. மோசம் போனவன், ஆசிரியன் வாழும் தெருவில் இருந்தால்தான் உள்ளே வர முடிகிறது போலும்!

சகோதரர் ஜேம்ஸும் நாடாளுமன்ற உறுப்பினரே. அவர் நாட்டைவிட்டு ஓடினார். 1857இல் அவை அவரை நீக்கியது. 1881இல் சூரிக் நகரில் கொலையுண்டார். ஜானைப் பற்றியோ வேறொரு கதை பரவியது. திடலில் கிடந்தது வேறு யாருடைய உடலோ என்றும், அவர் அமெரிக்காவில் உயிரோடிருப்பதாகவும் அயர்லாந்தில் பலர் நம்பினர். பிண விசாரணை நடத்திய தாமஸ் வேக்லியோ, நாடாளுமன்றத்தில் அவரோடு இருந்து முகமறிந்தவர். அவர் சொல்லையும் அம்மக்கள் ஏற்கவில்லை.