புகையைக் காட்டிக் கொடுக்கும் இலை
(வானொலி உரை)



பருத்தி இலை ஓரம் காய்ந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? மருந்துக் கடைக்குப் போகிறோம். "தத்துப்பூச்சிங்க" என்று கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுக்கிறார். பல சமயம் அவர் சொல்வது சரிதான். ஆனால் பூச்சியே இல்லாமல் புகையால் இலை கருகுவதும் உண்டு. அப்போது எத்தனை டப்பா அடித்தாலும் காசுதான் கரையும்.

சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தது நமக்கெல்லாம் தெரியும். 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றமே உத்தரவிட்டது. தண்ணீரின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. நிலக்கரி எரிக்கிற பாய்லரிலும் சூளையிலும் இருந்து வரும் கந்தக வாயு அப்படித் தெரியாதே! அதை அளக்கும் கருவியைத் தோட்டத்துக்குத் தோட்டம் வைக்கவும் முடியாது. செடிகளோ எங்கேயும் நிற்கின்றன, இராப்பகலாக அந்தக் காற்றையே வாங்குகின்றன.

தாராபுரத்துக்குத் தெற்கே பழனி மலை இருக்கிறதல்லவா? அங்கே கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரச மாசுப் பிரச்சினையால் 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் காற்றில் எவ்வளவு தூரம் பரவியது என்று பார்க்க, ஐதராபாத் விஞ்ஞானிகள் மரத்தில் படரும் பாசிகளைச் சேகரித்துச் சோதித்தார்கள். குழம்புக்குப் போடுகிறோமே கல்பாசி, அதைப் போன்றதுதான். அதற்கு வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதைத்தான் உண்ணும்; வந்ததைப் பிடித்தும் வைத்துக்கொள்ளும். ஆலைப் பக்கத்துப் பாசியில் பாதரசம் மிகுதி, தள்ளிப் போகப் போகக் குறைவு. 2003-ல் இந்த ஆய்வு வெளிவந்தது.

வடக்கே உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மாமரமே இந்த வேலையைச் செய்கிறது. செங்கல் சூளைக்கு அருகில் உள்ள தோப்பில் மாங்காயின் நுனி முதலில் மஞ்சளாகி, பிறகு கருத்துப் போகும். நோய்க் கிருமி எதுவும் இல்லை; சூளைப் புகைதான் காரணம். போராக்ஸ் என்கிற வெண்காரத்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு அறுபது கிராம் கலந்து, பூக்கும் முன்பும் பிறகும் தெளிக்கச் சொல்கிறார்கள். சேதம் குறையுமே தவிர, புகை நிற்காது பாருங்க.

சரி, மூலனூர் பக்கத்துக் காட்டில் இதை எப்படிக் கண்டுகொள்வது? முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். தத்துப்பூச்சி, சிலந்திப்பேன் இருந்தால் அடிப்பக்கம் அகப்படும். சாம்பல் சத்துக் குறைந்தாலும் அடி இலைகளின் ஓரம் கருகும்; அதை மண் பரிசோதனை சொல்லிவிடும். கந்தகப் புகை பட்டால் பெரும்பாலும் நரம்பு பச்சையாகவே நிற்க, நடுப்பகுதி வெளுத்துப் பழுப்பாகும். வெறும் புழுதி என்றால் கழுவிப் பார்த்தாலே தெரியும். (புழுதியும் லேசானதல்ல. இலையின் மூச்சுத் துளையை அடைத்துவிடும்.)

இன்னொரு அடையாளம்தான் முக்கியம். பூச்சிக்கு ருசி பேதம் உண்டு, புகைக்குக் கிடையாது. பருத்தி, முருங்கை, கிளுவை வேலி, வரப்புக் களை என்று பல செடிகளில் ஒரே வாரத்தில் ஒரே பக்கம் கருகினால் காற்றைச் சந்தேகப்படுங்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிறது. அப்போது புகைபோக்கிக்குக் கிழக்கே உள்ள காடுதான் அடிபடும். ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பும்போது எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்.

கருகிய இலையைச் செய்தித்தாளில் மடித்து, தேதியும் காற்றடித்த திசையும் எழுதி வையுங்கள். கைபேசியில் படமும் எடுங்கள். தொலைவில் உள்ள அதே வகைச் செடியின் நல்ல இலையும் நான்கு கூட இருக்கட்டும். முதலில் வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டிப் பூச்சியா நோயா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்று சொன்னால், அதே பொட்டலத்தோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். ஒருவராகப் போவதைவிட, அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து போங்கள்.