பந்தியில் விடுபட்ட கைம்பெண்கள்



தொடக்கத் திருச்சபைக்குள் ஒருமுறை முணுமுணுப்பு எழுந்தது. கோட்பாட்டைப் பற்றி அல்ல, சோற்றைப் பற்றி. கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்பதே குறை. திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம். கிடைத்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருங்கள் என்று திருத்தூதர்கள் அவர்களை அடக்கவில்லை. பந்தியைக் கவனிக்க ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். அவர்களில் ஒருவர்தான் நம் முதல் மறைச்சாட்சி புனித ஸ்தேவான்.

நம் மாநிலத்திலும் 1975 முதல் ஆதரவற்ற விதவைகளுக்கும், 1986 முதல் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் அரசு ஓய்வூதியம் இருக்கிறது. 2023-இல் அது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. சிறிய தொகைதான். ஆனால் நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். கூடையில் மீன் சுமந்து விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் தாய்க்கு அந்த நாள்களில் வேறென்ன வருமானம்? அது அவருக்கு உரியது, பிச்சை அல்ல.

கணவர் இறந்தால் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும். விட்டுவிட்டு ஓடிப்போனதற்கு யார் சான்றிதழ் தருவார்? விண்ணப்பிக்க 30 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்தாண்டாவது கைவிடப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் வழியாகப் பிரிந்திருக்க வேண்டும். 23 வயதில் இரண்டு பிள்ளைகளோடு விடப்பட்டவர் ஏழு வருடம் எதை உண்பார்? இந்த விதியை அரசு தளர்த்த வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

ஐந்தாண்டு உண்மைதானா என்று அலுவலர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அங்கேதான் நாம் வருகிறோம். "நமக்கேன் வம்பு" என்று சிலர் கதவைச் சாத்திக்கொள்கிறோம். வேறு சிலர், "இவ குணத்துக்குத்தான் அவன் போனான்" என்று கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறோம்.

உங்களை மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், பிள்ளைக்குத் திருமுழுக்குக் கேட்டு ஒரு பெண் வந்தார். உபதேசியாரும் இன்னும் நாலு பேரும் நிற்கும்போதே, "தகப்பன் எங்கேம்மா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதிவேட்டுக்காகத்தான் கேட்டேன், ஆனாலும் தனியே கேட்டிருக்கலாம். திருமணமாகாத ஒரு தாய் குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டு வரும்போது கதவை மூடுகிறவர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் கண்டித்துப் பேசினார். அதை வாசித்தபோது, நான் மறுக்கவில்லையே என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தக் குனிந்த தலை விடவில்லை.

இப்போது எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவர், விண்ணப்பிக்கும் பெண்களோடு இ-சேவை மையத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கூடவே போகிறார்கள். ஏழு பேர் இல்லை, இரண்டு பேர்தான். கூட ஆள் இருந்தால் பாதிப் பயம் போய்விடுகிறது என்கிறார்கள் அந்தப் பெண்கள்.

உங்கள் தெருவுக்கும் கிராம நிர்வாக அலுவலர் விசாரிக்க வருவார். வந்தால் வாசலுக்கு வாருங்கள். "ஆமாம் ஐயா, ஐந்து வருடமாக இந்தம்மா தனியாகத்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள், எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். கையெழுத்துக் கேட்டால் போடுங்கள்.