பழைய டில்லரை எடைக்குப் போடலாமா?



நவரை அறுப்பு முடிந்து சொர்ணவாரிக்கு நிலம் தயார் பண்ணுவதற்குள் கொஞ்ச நாள் இடைவெளி கிடைக்கும். கொட்டகையில் நிற்கிற பழைய பவர் டில்லரைப் பிரித்துப் பார்க்க அதுதான் சரியான சமயம். சேடை ஓட்ட வேண்டிய அன்று பிரித்துப் போட்டால் நாற்று முற்றிப் போகும், வாடகை வண்டிக்கும் கை கட்டி நிற்க வேண்டி வரும்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கம் இன்றைய நிலைமை உங்களுக்கே தெரியும். விடிந்தால் கம்பெனி பஸ் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. உழவு மாடு குறைந்துவிட்டது. முக்கால் ஏக்கர், ஒரு ஏக்கர் துண்டு நிலத்தில் பெரிய டிராக்டருக்குத் திரும்பவே இடம் போதாது. அந்த நிலத்தைக் காப்பாற்றுவது டில்லர்தான். அது நின்று போனால் பல பேர் நிலத்தையே தரிசாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படியிருக்க, "பழசாகிவிட்டது" என்று எடைக்குப் போட்டால் நம்ம ஊர் உலையிலேயே உருகிக் கம்பியாகிவிடும். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள்.

நம் பக்கம் பழைய வண்டிகளில் அதிகம் காண்பது இரண்டு வகை. ஒன்று, 1967-ல் பெங்களூரில் தொடங்கி, ஜப்பான் மிட்சுபிஷி கம்பெனியின் தொழில்நுட்பத்தில் வந்த வி.எஸ்.டி. சக்தி. மற்றொன்று, கேரள அரசு 1973-ல் அத்தாணியில் தொடங்கிய காம்கோ. இதன் தொழில்நுட்பம் ஜப்பான் குபோட்டாவினுடையது. இரண்டுமே 12, 13 குதிரைத்திறன் கொண்ட, தண்ணீரில் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் இஞ்சின்தான். இரண்டு கம்பெனிகளும் இன்றும் டில்லர் செய்வதால் உதிரி பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து நேராக இறக்குமதியான வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2020 ஜூலையில் மத்திய அரசு பவர் டில்லரையும் அதன் பாகங்களையும் கட்டுப்பாடுள்ள இறக்குமதிப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே முதலில் பாகம் கிடைக்குமா என்று கடையில் விசாரியுங்கள். வண்டியைப் பிரிப்பது அதற்குப் பிறகு.

சரி, வண்டி தேறுமா தேறாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் இஞ்சின் பிளாக்கையும் கியர் பெட்டியையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வண்டி தேறுவது கஷ்டம். வார்ப்பிரும்பில் வைக்கிற வெல்டிங் ஆட்டத்தைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

அடுத்தது கம்ப்ரஷன். டீசலை அடைத்துவிட்டு, டீகம்ப்ரஷன் லீவரைத் தொடாமல் கிராங்க் கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் கை நின்று பின்னால் தள்ளினால் நல்லது. கிணற்று ராட்டினம் போல லேசாகச் சுற்றிக்கொண்டே போனால் ரிங், லைனர், வால்வு இவற்றில் ஏதோ ஒன்று தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது புகை. கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, இல்லாவிட்டால் நாசில் சரியாகத் தூவவில்லை. நீலப் புகை வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது.

கறுப்புப் புகைக்கெல்லாம் இஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். செலவு குறைந்ததை முதலில் செய்யுங்கள். ஏர் கிளீனரைக் கழுவி அதில் புது ஆயில் ஊற்றுங்கள். டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். நாசிலைப் பம்ப் கடையில் கொடுத்து அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். டேப்பெட் இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். இவ்வளவிலேயே பல வண்டிகள் பழையபடி இழுக்க ஆரம்பித்துவிடும்.

ரிங்கும் லைனரும் மாற்ற வேண்டி வந்தால், அதோடு கிராங்க் தேய்மானத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மேலே புதுசு, கீழே பழசு என்றால் செய்த செலவு வீண். வேலை முடிந்த வண்டியை மறுநாளே சேற்றில் இறக்கக் கூடாது. சில நாள் லேசான புழுதி உழவுக்கு மட்டும் விட்டு, 25 மணி நேரம் ஓடியதும் இஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். பிறகு கையேட்டில் சொன்ன கெடு தவறாமல் மாற்றினால் போதும்.

மீஞ்சூர், பொன்னேரி விவசாயிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பக்கம் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறியிருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து, துரு பிடித்து, இஞ்சின் சூடாகிக்கொண்டே இருக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். பழைய படிவம் இருந்தால் மெக்கானிக்கிடம் சொல்லிச் சுத்தம் செய்யுங்கள்.

இனி பின்பக்கம். பெல்ட்டுகளில் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதுசு பாரத்தை எல்லாம் தானே இழுத்து சீக்கிரம் அறுந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள். ரோட்டரியில் கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. உடனே ஆயில் சீலை மாற்றினால் சின்னச் செலவு. விட்டுவிட்டால் பேரிங்கும் பல் சக்கரமும் சேர்ந்து போகும். ரோட்டரி கத்தி தேய்ந்தால் சாதாரண இரும்புப் பட்டையை வளைத்துப் போடாதீர்கள். பதம் ஏற்றிய எஃகுக் கத்திதான் நிற்கும். இடது கத்தி, வலது கத்தி மாறாமல் பூட்டுங்கள். மாறினால் மண் ஒரு பக்கமாக ஒதுங்கும், வண்டியும் உதறும்.

பழுது பார்த்ததோடு சில வசதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பின்சக்கரத்தோடு கூடிய இருக்கை வைத்தால் நாள் முழுக்க நடக்கிற கால்வலி மிச்சம். சேடைக்குக் கூண்டுச் சக்கரம், தோட்டக்காலுக்குப் பார் பிடிக்கும் கலப்பை என்று மாட்டினால் வருஷம் பூராவும் வண்டிக்கு வேலை உண்டு. பெல்ட் மூடியும் ரோட்டரி மூடியும் கட்டாயம் வேண்டும். கழன்று போயிருந்தால் தகடு வெட்டிப் பொருத்துங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையே லேத்திலோ வெல்டிங்கிலோ வேலை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் போதும். ஆனால் ஒன்று. "வேகமாக ஓடட்டும்" என்று கவர்னர் திருகை மட்டும் தொட வேண்டாம். இஞ்சின் தாங்காது.

டிரெய்லர் மாட்டி ரோட்டுக்கு வருகிறவர்கள் பிரேக்கைச் சரிபார்த்து, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பு வில்லை ஒட்டுங்கள். கொல்கத்தா நெடுஞ்சாலையில் வருகிற லாரிக்காரருக்கு இருட்டில் உங்கள் வண்டி தெரிய வேண்டாமா?

செலவுக் கணக்கையும் பார்ப்போம். ஒரு கணக்குக்காக, பழுதுச் செலவு 40,000 ரூபாய், வண்டி இன்னும் நான்கு வருஷம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 10,000 ரூபாய் ஆகிறது. நீங்கள் வருஷத்துக்குக் கொடுக்கிற வாடகை அதைவிடக் குறைவாக இருந்தால் பழுது பார்ப்பது லாபமில்லை. அதிகமாக இருந்தால் தாராளமாகச் செய்யலாம். புது வண்டிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கு மானிய விகிதம் கூடுதல். அந்த விலையையும் விசாரித்து, பழுதுச் செலவு அதில் பாதிக்கு மேல் போனால் புதுசையே யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் துறை அலுவலகத்திலோ திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம்.

கடைசியாக, உயிர் சமாச்சாரம். இஞ்சினை நிறுத்தாமல் ரோட்டரியில் சிக்கிய கொடியையோ வைக்கோலையோ எடுக்காதீர்கள். ரோட்டரி சுற்றும்போது ரிவர்ஸ் போடாதீர்கள். வேட்டியை மடித்து இறுக்கிக் கட்டுங்கள். லுங்கி, துண்டு தொங்க விட வேண்டாம். கிராங்க் அடிக்கும்போது கட்டை விரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். கைப்பிடி எதிர்த்து அடித்தால் விரல் பிழைக்கும். மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓட விடாதீர்கள், புகை ஆளையே கொல்லும்.

வண்டி பழசானாலும் சரி, புதுசானாலும் சரி, சேற்றிலிருந்து ஏறியதும் கழுவித் துடைத்துக் கிரீஸ் வைக்கிற வீட்டில்தான் அது நிலைத்து உழைக்கும். சொர்ணவாரிக்கு முன்னால் கொட்டகைக் கதவைத் திறந்து பாருங்கள்.