ஒரு பெயரேடும் பல பிரதிகளும்



மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், அலுவிகாரை அமைந்துளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பௌத்தரின் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவென்பது மரபு. அதற்கு முன்னர் அந்நூல் துறவியர் நாவிலேயே வாழ்ந்தது. பலர் ஒருங்கு கூடி ஓதினர். ஒருவர் ஒரு சொல்லைத் தவறவிடின், ஏனையோர் குரல் அவரைத் திருத்திற்று. பஞ்சமும் போரும் நாட்டை வருத்தியபோது எழுத்தின் துணை வேண்டப்பட்டது. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது விகாரையின் ஏட்டுத் தொகுதி அழிவுற்றது. எனினும், பிரதிகள் பிற இடங்களில் இருந்தமையால் நூல் அழிந்திலது.

பிரதிகள் பலவாக இருத்தல் காவலாகும். ஆயின், அப்பிரதிகள் ஒன்றோடொன்று முரண்படுமாயின் அதுவே கேடாகும். கச்சேரியிலுள்ள வாக்காளர் இடாப்பில் ஒரு பெயரும், கிராம அலுவலர் கையிலுள்ள இடாப்பில் வேறொரு பெயரும் இருந்தால், வாக்குரிமை யாருக்கு உரியது? இந்தப் பழைய சிக்கலே இன்று கணினி வலையமைப்பினுள்ளும் எழுகின்றது. அங்கு அது தீர்க்கப்படும் முறையை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதரோ பெயர்களால் அறிகின்றனர். ரத்தோட்டையிலே ஒரு தோட்டப் பாடசாலை மாணவி தன் பரீட்சைப் பெறுபேற்றை அறியக் கைப்பேசியில் ஒரு பெயரைத் தட்டுகிறாள். அப்பெயருக்குரிய எண் யாது என எங்கேனும் ஓர் ஏட்டில் எழுதியிருத்தல் வேண்டும். 1970களில், இணையத்தின் முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் வலையமைப்பில், அத்தகைய ஏடு ஒன்றே இருந்தது. கலிபோர்னியாவின் ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் பெயின்லர் என்னும் அம்மையாரின் குழுவினர் அதனைப் பேணினர். ஏனைய நிலையத்தார் அதனைப் பிரதிசெய்து கொண்டனர். கணினிகள் பெருகப் பெருக, ஒருவர் பிரதி எடுத்து முடிப்பதற்குள் மூல ஏடு மாறிவிடும் நிலை தோன்றிற்று.

அலுவலகங்களின் உள்ளேயும் இதே இடர் இருந்தது. யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையில் இயங்கும் ஒவ்வொரு கணினியும், பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் பிற கணினிகளின் முகவரிகளையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்திருந்தது. பத்துக் கணினிகள் உள்ள இடத்தில் பணியிலிருந்து நீங்கிய ஒருவரின் பெயர் ஒன்பதில் அழிக்கப்பட்டு, ஒன்றில் மறக்கப்பட்டால், அந்த ஒன்று பூட்டப்படாத கதவாயிற்று.

1985ஆம் ஆண்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இதற்கொரு வழி கண்டது. ‘மஞ்சட் பக்கங்கள்’ என அதற்குப் பெயரிட்டது. பிரித்தானியத் தொலைபேசி நிறுவனத்தார் அப்பெயரைத் தமது வணிகக் குறியாகக் கொண்டிருந்தமையால், பின்னர் அது ‘வலையமைப்புத் தகவற் சேவை’ எனப் பெயர் மாறியது. அதன் ஒழுங்கு எளியது. தலைமைச் சேவையகம் ஒன்று. துணைச் சேவையகங்கள் பல. திருத்தம் யாவும் தலைமையிலேயே செய்யப்படும். ஒவ்வொரு பட்டியலும், தான் ஆக்கப்பட்ட நேரத்தையே வரிசை எண்ணாகத் தாங்கி நிற்கும். பட்டியல் புதுப்பிக்கப்பட்டதும் தலைமை துணைகளுக்கு அறிவிக்கும். துணை தன் எண்ணையும் தலைமையின் எண்ணையும் ஒப்பிட்டு, தன்னது பழையதாயின் புதிய பட்டியலை முழுமையாகப் பெற்றுக்கொள்ளும். அறிவித்தல் வந்த வேளையில் ஒரு துணை மின்சாரமின்றி உறங்கியிருத்தலும் கூடும். ஆதலால், குறித்த நேரங்களில் துணை தானே சென்று வினவும்படியும் ஒழுங்கு செய்தனர். அறிவிப்பை மட்டும் நம்பாது விசாரணையையும் சேர்த்தமை இம்முறையின் நுட்பம்.

இணையம் முழுமைக்கும் உரிய வழியை 1983இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்தார். அதுவே ஆள்களப் பெயர் முறை. ஒரே பெரிய ஏட்டினைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அதற்குரியோர் பேணுமாறு அவர் செய்தார். இங்கும் தலைமையும் துணைகளும் உண்டு. தொடர் எண்ணும் உண்டு. ஆண்டு, மாதம், நாள், அன்றைய திருத்தத்தின் இலக்கம் என்பவற்றைச் சேர்த்து அவ்வெண்ணை எழுதுதல் வழக்கம். பொறுப்பாளர் பதிவைத் திருத்திவிட்டு இவ்வெண்ணை உயர்த்த மறப்பாராயின், துணைச் சேவையகம் மாற்றமில்லை என்றெண்ணிப் பழைய செய்தியையே கூறிக்கொண்டிருக்கும்.

இன்னொரு விதி சிந்திக்கத்தக்கது. தலைமையோடு தொடர்பற்றுப்போன துணை, குறித்த காலம்வரை தன் பிரதியைக் கொண்டு விடையளிக்கும். அக்காலம் கடந்ததும் விடையளிப்பதை நிறுத்திவிடும். அந்தத் தவணை இரண்டு முதல் நான்கு வாரங்களாக இருத்தல் நன்று என்பது 1996இல் வெளியான வழிகாட்டற் குறிப்பொன்றின் பரிந்துரை. பழையதைப் புதியதென உரைப்பதிலும் மௌனம் மேலானது என்பதைப் பொறிக்கும் கற்பித்துள்ளனர்.

இலங்கைக்குரிய எல்.கே. என்னும் ஆள்களம் 1990ஆம் ஆண்டு பதிவுபெற்றது. அதன் வளர்ச்சி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 2010இல் ‘இலங்கை’ எனத் தமிழெழுத்திலேயே அமைந்த ஆள்களமும் சிங்கள எழுத்தில் அமைந்ததும் நாட்டிற்கு வழங்கப்பட்டன. இவற்றின் பெயரேடுகள் பல சேவையகங்களில் பிரதிகளாய் உள்ளன.

2021ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி காலை, எல்.கே. ஆள்களப் பெயர்கள் சிலவற்றின் பதிவுகள் அத்துமீறி மாற்றப்பட்டன. கூகிள் நிறுவனத்தின் இலங்கைப் பெயரும் அவற்றுள் ஒன்று. அப்பெயர்களைத் தேடிச் சென்றோர், நாட்டின் சமூகக் குறைகளைப் பேசும் வேறொரு பக்கத்திற்குத் திருப்பப்பட்டனர். பதிவகத்தார் விரைந்து திருத்தினர். ஆயினும் இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைத் தெளிவாக்கிற்று. மூலத்திலே பொய் புகுந்தால், பிரதிகள் அதனையும் வழுவாது ஏற்கும். ஒத்திசைவு வேறு, உண்மை வேறு. முந்தியது பொறியின் கடமை. பிந்தியது மனிதரின் கடமை.

ஆதலின், ஏட்டினைத் திருத்தும் உரிமை யாருக்கு என்பதே முதல் வினா. பழைய தகவற் சேவையில் இவ்வினாவிற்குப் போதிய காவல் இருந்திலது. வலையமைப்பில் நுழைந்த எவரும் பட்டியலைக் கேட்டுப் பெறக்கூடியதாயிருந்தது. அதனாலேயே பல இடங்களில் அது கைவிடப்பட்டு, அடையாளம் உறுதிசெய்து விடைதரும் புதிய முறைகள் இடம்பெற்றன. ஆள்களப் பெயர் முறையிலும் பதிவுகளுக்கு மின் கையொப்பமிடும் வழக்கம் வந்துளது. அக்கையொப்பம் இடைவழியில் நிகழும் மாற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். கையொப்பமிடும் இடத்திலேயே கள்ளன் அமர்ந்துவிட்டால் அதுவும் துணைபுரியாது.

கிராமத்துக் கூட்டுறவுச் சங்கமாயினும், தோட்டப் பாடசாலையின் கணினிக் கூடமாயினும், நான்கு கேள்விகள் கேட்கத்தக்கன. மூல ஏடு எது? அதைத் திருத்துவோர் யார்? கடைசித் திருத்தத்தின் இலக்கம் யாது? அது பிரதி தோறும் சென்று சேர்ந்ததை யார் சரிபார்த்தார்? இந்நான்கிற்கும் விடை எழுதிவைக்கப்பட்டுள்ள இடத்தில், ரத்தோட்டை மாணவி தட்டிய பெயர் அவளை உரிய வாயிலிலேயே கொண்டுசேர்க்கும். விடையில்லாத இடத்தில், எத்தனை சேவையகங்கள் இருப்பினும் பயனில்லை.