எல்லையோரக் கடையும் இரண்டு மாநிலச் சட்டமும்

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவார் தொடங்கிப் பாறசாலை, களியக்காவிளை வரையுள்ள ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதுவரை ஓர் அரசின் கீழ் இருந்த அண்டை ஊர்க் கடைகள் அன்றுமுதல் இரண்டு அரசுகளின் கீழ் வந்தன. உறவும் கொள்வினை கொடுப்பினையும் எல்லைக் கல்லைப் பார்ப்பதில்லை. சட்டமோ அதைப் பார்த்தே நடக்கிறது. ஆகவே, இவ்வூர்களில் சிறு கடை நடத்துவோரும், நான்கைந்து பேரை வைத்து வேலை வாங்குவோரும் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இன்று சிந்திப்போம்.

முதலாவது, எந்த மாநிலச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தும் என்பது. கடைக்காரர் குழித்துறையில் குடியிருக்கலாம். வேலையாள் களியக்காவிளையிலிருந்து நாள்தோறும் வந்து போகலாம். கடை பாறசாலையில் இருந்து, வேலையும் அங்கேயே நடக்குமாயின், கேரளத்தின் 1960-ஆம் ஆண்டுக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டமே பொருந்தும். கடை களியக்காவிளையில் இருந்தால் 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். குறைந்தபட்சக் கூலியும் இவ்வாறே. “அந்தப் பக்கத்தில் இவ்வளவுதானே கொடுக்கிறார்கள்?” என்று இந்தப் பக்கத்தில் நின்று கேட்பதில் பயனில்லை.

இரண்டு சட்டங்களும் ஒன்றுபடும் இடங்களும் உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தக்க காரணமின்றி நீக்கலாகாது. நீக்குவதாயின் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுத்தாக வேண்டும் என்று இரண்டும் விதிக்கின்றன. முறையாக விசாரித்து நிறுவப்பட்ட குற்றத்துக்கு மட்டுமே முன்னறிவிப்பு வேண்டியதில்லை. நாள் முழுவதும் நின்றே விற்கும் ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-இல் தன் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-இல் அதே வழியில் சென்றது. நல்ல வழக்கம் எல்லையைக் கடக்கத் தயங்குவதில்லை.

இரண்டாவது, எழுத்தின் அவசியம். சிறு கடைகளில் வேலையாள் பெரும்பாலும் உறவினராகவோ அடுத்த வீட்டுப் பிள்ளையாகவோ இருப்பார். “நமக்குள் எழுத்து எதற்கு?” என்று விட்டுவிடுகிறோம். மனத்தாங்கல் வந்த பிறகோ, எழுத்தில்லாமையே இரு திறத்தாரையும் வருத்துகிறது. எத்தனை ஆண்டு உழைத்தோம் என்று காட்ட வேலையாளிடம் சீட்டு இல்லை. கொடுத்த பணத்துக்கு முதலாளியிடம் கையொப்பம் இல்லை. 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுள் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பு, கூலி கிடைக்கவில்லை என்று ஒருவர் முறையிட்டால், கொடுத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பை முதலாளியின் மேலேயே வைக்கிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள்ளும், வேலையை விட்டவரது கணக்கு இரண்டு வேலை நாட்களுக்குள்ளும் தீர்க்கப்பட வேண்டும் என்பதும் அதன் விதி. ஆகவே, ஒரு நியமனக் கடிதம், ஒரு வருகைப் பதிவேடு, ஒரு சம்பளப் பதிவேடு ஆகிய மூன்றும் முதலாளிக்கே முதற்காவல்.

பணியாளர் தொகை 10 ஆகும்போது பொறுப்பு மேலும் வளர்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோருக்கு ஊழியர் அரசு காப்பீடு உண்டு. ஐந்தாண்டு பணி முடித்து விலகுவோருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. அவர் குடும்பத்துக்குப் பணிக்கொடை சேரும்.

மூன்றாவது, வரி. சரக்கு, சேவை வரி 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி வந்தது. விற்றுவரவு குறைந்த வியாபாரி உள்ளூரிலேயே விற்கும்வரை பதிவின்றி இருக்கலாம். வரிக்குரிய சரக்கைப் பாறசாலையிலிருந்து களியக்காவிளைக் கடைக்கு அனுப்பினால், தூரம் கூப்பிடு தொலைவே ஆயினும், அது மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் விற்பனை. சில கைவினைப் பொருள்கள் நீங்கலாக, அதற்கு விற்றுவரவு எவ்வளவாயினும் பதிவு வேண்டும். ‘காம்போசிஷன்’ என்னும் எளிய வரித் திட்டத்தில் இருப்பவர் இவ்வாறு சரக்கனுப்பவே கூடாது. இதை அறியாமல் ஒரு வண்டிச் சரக்கை ஏற்றிவிட்டு, அதன் இலாபத்தைவிட மிகுதியாகத் தண்டம் கட்டும் நிலை நமக்கு வரலாகாது.

சட்டம் சிறு தொழிலாளியைக் கட்டுவதோடு நிற்காமல் காக்கவும் செய்கிறது. பாலராமபுரத்து நெசவாளர் ஒருவர் தம் துணியை வெளிமாநிலக் கடைக்குக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைகிறார் என்று கொள்வோம். 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எவ்வளவு தவணை எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைக்கலாகாது. தவறினால் வட்டியோடு கேட்கலாம். பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளர் இதற்கென வாங்கியவரின் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. விற்றவர் இருக்கும் மாநிலத்து மன்றமே, வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் விசாரிக்கலாம்.

இறுதியாக, மொழி. மலையாளத்தில் வந்த அறிவிப்பைப் படிக்க இயலாமல் பெட்டியில் போட்டு வைப்பதால், குறித்த நாளுக்குள் சொல்ல வேண்டிய பதில் தவறிவிடுகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. இவ்வுரிமையை நாம் பயன்படுத்த வேண்டும். கைக்கு வந்த தாளை அன்றே படிக்கத் தெரிந்தவரிடம் காட்டவும் வேண்டும்.

நேயர்களே, சிறு கடை என்பது இரண்டு குடும்பங்களின் அடுப்பு: உடையவருடையது ஒன்று, உழைப்பவருடையது மற்றொன்று. சட்டத்தை அறிந்து கணக்கை எழுத்தில் வைத்தால் இரண்டும் அணையாமல் எரியும்.